பார்ட்டிஷன்

கம்ப்யூட்டர் செத்துப்போனால் யாரும் ஒப்பாரி வைப்பதில்லை. அந்தச் செவ்வாய்க்கிழமை, படம் பிடிக்கிற சசியின் வீட்டுக் காம்பராவில் நின்ற ஹில்டாவுக்கு வாய்விட்டு ஒப்பாரி வைக்க வேண்டும் போலத்தான் இருந்தது. பொத்தானை அழுத்தினால் பெட்டி உறுமும், கறுப்புத் திரையில் நாலு வெள்ளை எழுத்து ஓடும், பிறகு திரை முழுக்க நீலமாகி அப்படியே நின்றுவிடும். சசி அணைத்துப் போட்டான். மறுபடி அணைத்துப் போட்டான். தட்டிப் பார்த்தான், பெட்டியைத் திறந்து ஊதியும் பார்த்தான். வைரஸ் என்றான். யாரோ கொண்டுவந்த பென் டிரைவில் ஒட்டிக்கொண்டு வந்ததாம்.

அந்தப் பெட்டிக்குள் அவள் தம்பி பவுலின் படங்கள் இருந்தன. அவர்களுடைய சித்தி மகள் ஸ்டெபானியின் கல்யாணத்தில், தோட்டத்து மாதா கோயிலில், சசி எடுத்த படங்கள். அதே நாளில் கொழும்பில் ஒரு பஸ்ஸில் குண்டு வெடித்திருந்தது. பவுலுக்குக் கொழும்பில் ஒரு ஹார்ட்வெயார் கடையில் வேலை. கல்யாணம் முடிந்து அவன் திரும்பிப் போன பிறகு ஒரு நாள், அவன் தங்கியிருந்த லொட்ஜைச் சுற்றி வளைத்து, அங்கிருந்த தமிழ்ப் பையன்களை எல்லாம் அள்ளிக்கொண்டு போனார்கள். மற்றவர்களை ஒவ்வொருவராக விட்டார்கள். பவுலை விடவில்லை. குண்டு வெடித்த அன்று கடைக்கு வராதவன் அவன் ஒருவன்தான். 2008ஆம் வருஷம் அது. ஒரு தமிழன் ஒரு நாள் லீவு போட்டால் அதற்குக் காரணம் சொல்லியே தீரவேண்டிய காலம்.

வக்கீல் நல்லவர்தான். ஆனால் நல்லவராக இருந்து என்ன செய்ய? சொந்தக்காரர் எத்தனை பேர் வந்து சத்தியம் பண்ணினாலும் எடுபடாது என்று சொல்லிவிட்டார். கோயில் சாமியார் கொடுத்த கடிதத்தை வாங்கி வைத்துக்கொண்டு, இது கல்யாணம் நடந்ததற்குத்தான் சாட்சி, உங்கள் தம்பி அங்கே நின்றதற்கு என்ன சாட்சி என்று கேட்டார். தோட்டத்துத் துரையோ, பவுலின் பெயர் இப்போது தோட்டத்து ஆட்களைப் பதியும் செக்ரோலில் இல்லை, இல்லாத ஆளுக்குத் தான் எப்படிக் கடிதம் கொடுப்பது என்று கதவைச் சாத்திக்கொண்டார். கடைசியில் வக்கீல் வாயிலிருந்தே அந்த வழி வந்தது. டிஜிட்டல் கேமராவில் எடுத்த படத்துக்குள் எடுத்த தேதியும் நேரமும் பதிந்திருக்கும். பவுல் நிற்கிற ஒரு படம் போதும். வியாழக்கிழமை கேஸ் வரும்போது அது தன் கையில் இருக்க வேண்டும் என்றார்.

ஒரே ஒரு படம். கேட்கும்போது எவ்வளவு லேசாக இருந்தது! ஆனால் ஒரு படத்தைக்கூட இன்னும் பிரிண்ட் போட்டிருக்கவில்லை. ஆல்பத்தில் யார் யார் படம் வரவேண்டும் என்று மாப்பிள்ளை வீட்டுக்கும் பெண் வீட்டுக்கும் நடந்த இழுபறி இன்னும் தீரவில்லை. மாப்பிள்ளையின் பெரியப்பா ஒரு பக்கத்தில்கூட இல்லையாம். பெரியப்பாவின் மூஞ்சிக்காகக் காத்திருந்ததில் எல்லாப் படங்களும் பெட்டிக்குள்ளேயே கிடந்தன. கேமராவிலிருந்த கார்டை அடுத்த சடங்கு வீட்டுக்காகச் சசி எப்போதோ அழித்துவிட்டான்.

சசி வாயில் விரலை வைத்தால் கடிக்கத் தெரியாதவன். கொழும்பில் ஏதோ ஒரு கம்பெனிக் கந்தோரில் கழித்துவிட்ட பழைய கம்ப்யூட்டரை வாங்கிவந்து, தோட்டத்துக் கல்யாணம், காது குத்து, ஞானஸ்நானம் எல்லாவற்றையும் அதில்தான் ஏற்றி வைத்திருந்தான். இப்போது அவன் ஹில்டாவின் முகத்தைப் பார்க்கவே பயந்தான். புதிதாக விண்டோஸ் போட்டால் பெட்டி எழும்பும், ஆனால் அதற்கு ஃபார்மட் பண்ண வேண்டும், ஃபார்மட் பண்ணினால் படம் போய்விடும் என்று மட்டும் சொன்னான். ஃபார்மட் என்ற அந்தச் சொல்லை ஹில்டா மனசுக்குள் எமனின் பெயர் போலக் குறித்துக்கொண்டாள்.

பெட்டியைக் கஹவத்தைக்குத் தூக்கிக்கொண்டு போகலாம் என்று அவள்தான் முதலில் சொன்னாள். சசி ஒரேயடியாக மறுத்துவிட்டான். வழியில் செக்பாயின்ட் இருக்கிறது. தமிழன் ஒருவன் கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு போகிறான், கூட வருகிறவளின் தம்பி உள்ளே இருக்கிறான் என்றால், அப்புறம் அவனையும் தேடிக்கொண்டு ஒருத்தி அலைய வேண்டும். அவன் சொன்னதில் பிழையே இல்லை. அதனால் அவள் மட்டும் பஸ் ஏறிப் போனாள்.

கஹவத்தை பஸாரில் மஹ்ரூப் நானா போன் கார்டும் சீடியும் விற்கிற கடை வைத்திருந்தார். ஹில்டா சொன்னதை எல்லாம் கேட்டு, கொஞ்ச நேரம் தாடியைத் தடவினார். தோட்டத்துக்கு வந்து பார்க்கச் சொல்லி அவள் கேட்டதற்குத் தலையைக் குனிந்துகொண்டார். பயம்தான், யாருக்கு இல்லை? அதற்குப் பதிலாக உள்ளே போய் மூன்று சீடியை எடுத்துவந்தார். விண்டோஸ் செத்தாலும் லினக்ஸ் என்று வேறொன்று இருக்கிறது, அதற்கு வைரஸும் பிடிக்காது, காசும் கிடையாது என்றார். இலவசம் என்றதுமே அவளுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. உருப்படியான எதை இந்த உலகத்தில் சும்மா கொடுத்திருக்கிறார்கள்?

மூன்றும் மூன்று சாதி. முதலாவதன் பெயர் பப்பி. நாய்க்குட்டியா என்று கேட்டாள், ஆமாம் என்று சிரித்தார். இரண்டாவதன் பெயரிலேயே ஒரு இங்கிலீஷ் கெட்ட வார்த்தை இருந்தது. சின்னஞ்சிறியது, சொத்தைப் பெட்டியிலும் ஓடும் என்றார். இந்த இரண்டும் சீடியிலிருந்தபடியே ஓடும், பெட்டிக்குள் கிடக்கிற எதையும் தொடாது, வந்து தேத்தண்ணி குடித்துவிட்டுப் போகிற விருந்தாளி மாதிரி. மூன்றாவது ஸுபுண்டு. அதைப் பெட்டிக்குள்ளேயே குடிவைக்க வேண்டும். புதிதாகப் பழகுகிறவர்களுக்கு அதுதான் லேசு, பார்க்க விண்டோஸ் மாதிரியே இருக்கும், ஆனால் கொஞ்சம் பார்த்துச் செய்ய வேண்டும் என்றார்.

"முதல்ல இந்த ரெண்டையும் போட்டுப் பாருங்க தங்கச்சி. சரிவராட்டி மட்டும் மூணாவதைத் தொடுங்க. தொட முன்னுக்கு எனக்கு ஒரு கோல் தாங்க."

அவள் சரி என்பதற்குச் சிங்களத்தில் ஹரி, ஹரி என்று தலையாட்டினாள். பஸ்ஸில் வரும்போது மடியில் இருந்த மூன்று சீடியையும் அடிக்கடி தொட்டுப் பார்த்துக்கொண்டாள். அவளுக்குப் போன உயிர் பாதி திரும்பி வந்திருந்தது.

புதன்கிழமை காலை, தோட்டத்துக் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக்காம்பராவில் தன் வேலையை இன்னொருத்தியிடம் ஒப்படைத்துவிட்டு, ஹில்டா சசி குடியிருந்த மேல் லயத்துக்கு ஓடினாள். நாய்க்குட்டியைப் போட்டார்கள். அது எழும்பும்போதே கேள்வி கேட்டது. எந்தக் கீபோர்ட், எந்தத் திரை, இதுவா அதுவா. சசி ஒன்றை அமுக்கினான், திரை இருண்டது. மறுபடி போட்டு மற்றதை அமுக்கினான், திரை கோடு கோடாகக் கிழிந்தது. என்ன பதில் சொன்னாலும் அந்தப் பழைய மொனிட்டருக்குப் பிடிக்கவில்லை. நாய்க்குட்டி அவ்வளவுதான், வாலைச் சுருட்டிக்கொண்டது.

இரண்டாவது எழும்பியது. ஹில்டா சிலுவை போட்டுக்கொண்டாள். சின்னச் சின்ன எழுத்தும், ஊரில் யாரும் பார்த்திராத படங்களுமாக ஒரு திரை வந்தது. சசி சீ டிரைவைத் தேடினான். படங்கள் எல்லாம் சீயில்தான் இருந்தன. சீ இல்லை. டீயும் இல்லை. திறந்து பார்த்த இடமெல்லாம் எச்டிஏ, எச்டிஏ ஒன்று என்று என்னவோ இருந்தது. அதைத் தொட்டால் ஒன்றுமே வரவில்லை. இந்த சீடிக்கு நம்முடைய டிஸ்க்கே தெரியவில்லை அக்கா என்று சசி முடிவு சொன்னான். எச்டிஏ ஒன்று என்பதுதான் அவர்களுடைய சீ என்பதும், ஒரே ஒரு கட்டளை கொடுத்திருந்தால் அது திறந்து அத்தனை படங்களையும் கொட்டியிருக்கும் என்பதும் அவர்களுக்கு எப்படித் தெரியும்? வீட்டு வாசலில் நின்றுகொண்டே வீட்டைத் தேடினார்கள்.

மத்தியானம் தாண்டியது. மறுநாள் விடியக் கொழும்புக்கு முதல் பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். மூன்றாவதைத் தொடுமுன் ஹில்டா மஹ்ரூப் நானாவுக்குப் போன் எடுத்தாள். லயத்தில் சிக்னல் இல்லை. தண்ணித் தாங்கி இருந்த மேட்டுக்கு ஏறி எடுத்தாள். அடித்துக்கொண்டே இருந்தது, அவர் எடுக்கவில்லை. திரும்ப எடுத்தாள். இல்லை. அங்கே நின்று கொஞ்சம் அழுதாள். பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு இறங்கி வந்து, போடு என்றாள்.

ஸுபுண்டு மரியாதையான சாமானாக இருந்தது. நீலத் திரையில் சாம்பல் நிறப் பெட்டி. ஒவ்வொன்றாக, நிதானமாகக் கேட்டது. எந்த நாடு என்று கேட்டது, இலங்கை என்ற பெயரும் அங்கே இருந்தது. ஹில்டா ஓ எல் பரீட்சை வரை படித்தவள், பிள்ளைக்காம்பராவுக்கு வருகிற இங்கிலீஷ் கடிதங்களை எல்லாம் அவள்தான் வாசிப்பாள். ஒவ்வொரு பெட்டியையும் அவள் வாசித்துச் சொல்ல, சசி அமுக்கினான். ஃபார்மட் என்ற சொல் எங்கேயாவது வருகிறதா என்று பருந்து மாதிரிப் பார்த்துக்கொண்டிருந்தாள். அது வரவில்லை. அதற்குப் பதிலாக, டிஸ்க்கைப் பார்ட்டிஷன் பண்ணவா என்று கேட்டது.

ஹில்டாவுக்குச் சிரிப்பே வந்துவிட்டது. இரண்டு நாளில் தெரிந்த முகம் ஒன்றைப் பார்த்தது அப்போதுதான்.

பார்ட்டிஷன் தெரியாத ஆள் தோட்டத்தில் உண்டா? லயத்தில் ஒரு குடும்பத்துக்கு ஒரு காம்பரா. மகனுக்குக் கல்யாணம் முடிந்தால் துரை இன்னொரு காம்பரா கொடுப்பாரா? பலகையோ தகரமோ வாங்கி நடுவில் ஒரு பார்ட்டிஷன் அடிப்பார்கள். இந்தப் பக்கம் பழையவர்கள், அந்தப் பக்கம் புதியவர்கள். யாரும் யாரையும் வெளியே போகச் சொல்வதில்லை. ஹில்டா ஸ்ரான்லியைக் கட்டியபோதும் அப்படித்தான். அப்பா பலகை அடித்தார், அம்மாவும் பவுலும் அந்தப் பக்கம் போனார்கள். பவுல் இருமினால் அவளுக்கு இந்தப் பக்கம் கேட்கும். அவள் பிள்ளை பெற்றது அந்தப் பார்ட்டிஷனுக்கு இந்தப் பக்கம்தான். அவள் வாழ்க்கையில் பார்ட்டிஷன் என்றால் இன்னும் ஓர் ஆளுக்கும் இடம் உண்டு என்று அர்த்தம்.

எவ்வளவு இடம் எடுக்க வேண்டும் என்று அடுத்த பெட்டி கேட்டது. முழு டிஸ்க்கையும் பாவிக்கலாம் என்பது முதல் வரி. மற்ற வரிகளில் இருந்த சொற்கள் ஒன்றும் விளங்கவில்லை. சசி தயங்கினான். முழு டிஸ்க்கும் என்று போட்டிருக்கிறதே என்றான். முழுசையும் எடுத்துத்தானே நடுவில் அடிக்க முடியும், பாதிக் காம்பராவில் எப்படிப் பார்ட்டிஷன் அடிப்பாய் என்று ஹில்டா கேட்டாள். சசி அமுக்கினான்.

அதற்குப் பிறகு ஒரு கடைசி எச்சரிக்கை வந்தது. பாவம், அந்தச் சாமான் சொல்லத்தான் செய்தது. இதில் ஃபார்மட் என்ற சொல்லும் இருந்தது. சசி சூடு பட்டவன் போலக் கையை எடுத்துக்கொண்டான்.

"அக்கா, இதுல ஃபார்மட்னு வருது. வேணாங்க. எனக்குப் பயமா இருக்கு."

ஹில்டா திரைக்குப் பக்கத்தில் முகத்தை வைத்து ஒரு தடவைக்கு இரண்டு தடவை வாசித்தாள். நீங்கள் நீக்கி எடுத்துவிட்ட பார்ட்டிஷன்களில் உள்ளவை எல்லாம் அழியும், ஃபார்மட் ஆகப் போகிறவற்றில் உள்ளவையும் அழியும் என்று இருந்தது. அவள் கண்ணுக்கு அதில் ஒரு ஓட்டையும் தெரியவில்லை.

"வடிவா வாசி தம்பி. எடுத்த பார்ட்டிஷன்ல இருக்கிறதுதான் அழியுமாம். நாங்க எதையும் எடுக்கலியே, புதுசாத்தானே அடிக்கிறோம். புதுசா அடிச்ச பக்கத்தத்தான் ஃபார்மட் பண்ணும். புதுக் காம்பராவுக்குச் சுண்ணாம்பு அடிக்கிறதில்லையா, அது மாதிரி."

சசி அவள் முகத்தைப் பார்த்தான். அந்த முகத்தில் அவ்வளவு நிச்சயம் இருந்தது. நாளைக்கு வியாழக்கிழமை என்பதும் இருந்தது. அவன் ஆமாம் என்ற இடத்துக்குக் கொண்டுபோய் நிறுத்தி, நீங்களே அமுக்குங்க என்றான். ஹில்டா அமுக்கினாள்.

பெட்டி வெகுநேரம் உறுமியது. திரையில் ஒரு கோடு மெல்ல மெல்ல நீண்டது. சசியின் பெண்சாதி தேத்தண்ணி கொண்டுவந்து கொடுத்தாள். ஹில்டா அன்று முதல் தடவையாக ஏதோ ஒன்றை வாயில் வைத்தாள். பவுல் வந்ததும் அவனைக் கொழும்புப் பக்கமே விடக்கூடாது, இங்கேயே ரப்பர் பால் வெட்டட்டும், மழை நாளில் வேலை இல்லாமல் பட்டினி கிடந்தாலும் பரவாயில்லை என்று அவளிடம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

பெட்டி ஒருவழியாக எழும்பியது. அழகாக எழும்பியது, அதைச் சொல்லத்தான் வேண்டும். சசி வாயைப் பிளந்தான். விண்டோஸ் இருந்த காலத்திலும் இவ்வளவு சுறுசுறுப்பை அவன் பார்த்ததில்லை. தொட்டதும் திறந்தது, மூடியதும் மூடியது. படங்கள் என்று ஒரு ஃபோல்டர் இருந்தது. திறந்தான். வெறுமையாக இருந்தது. அந்தப் பக்கம் இருக்கும் என்றாள் ஹில்டா. அந்தப் பக்கத்தைத் தேடினார்கள். ஒவ்வொரு கதவாகத் திறந்து பார்த்தார்கள். எங்கே போனாலும் சுற்றிச் சுற்றி அதே இடத்துக்குத்தான் வந்தார்கள். அந்தப் பக்கம் என்று ஒன்று இல்லவே இல்லை.

ஹில்டா மேட்டுக்கு ஓடினாள். இந்தத் தடவை மஹ்ரூப் நானா எடுத்தார். ஒரு சாவு, மையத்து வீட்டுக்குப் போயிருந்தேன், மன்னித்துக்கொள்ளுங்கள் என்றார். அவள் நடந்ததைச் சொன்னாள். முழு டிஸ்க்கையும் கொடுத்தீர்களா என்று கேட்டார். ஆமாம் என்றாள். லைன் அறுந்துவிட்டது என்று நினைத்து அவள் ஹலோ, ஹலோ என்றாள். இருக்கிறேன் என்றார்.

அவர் சொன்னதெல்லாம் அவள் காதில் துண்டு துண்டாகத்தான் விழுந்தது. பழையது எல்லாம் துடைபட்டிருக்கும். தோண்டினால் சிலது வரலாம். கொழும்பில் காமில் என்று ஒரு கூட்டாளி இருக்கிறான், அவன் தோண்டுவான். பெட்டியை இனிப் போட வேண்டாம். உள்ளே இருக்கிற டிஸ்க்கை மட்டும் கழற்றிக்கொண்டு போங்கள், ஒரு சோப்பை விடக் கொஞ்சம்தான் பெரிது, பையில் வைத்தால் யாருக்கும் தெரியாது. ஹில்டா அந்த இடத்திலேயே குந்திவிட்டாள். பையில் வைத்து வந்திருக்கலாம். நேற்றே. அவர் கையிலேயே கொடுத்திருக்கலாம்.

திரும்பி வந்தபோது சசி தரையில் உட்கார்ந்திருந்தான். யாரும் சொல்லாமலே அவனுக்கு விளங்கிவிட்டிருந்தது. தோட்டத்தில் அத்தனை பேரின் கல்யாணமும், போன வருஷம் செத்துப்போன அவன் அப்பாவின் கடைசிப் படமும் அதில்தான் இருந்தன. அவள் தன் வாயில் தானே அடித்துக்கொண்டாள். அவன் எழுந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டான்.

"விடுங்கக்கா. நீங்க வேணும்னா செஞ்சீங்க? எனக்கும் அது சரின்னுதான் பட்டுச்சு."

அவன் நாலு திட்டுத் திட்டியிருந்தால் அவளுக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

வியாழக்கிழமை பஸ்ஸைச் செக்பாயின்டில் நிறுத்தி எல்லோரையும் இறக்கினார்கள். சோற்றுப் பொட்டலத்துக்கு அடியில் துணியில் சுற்றியிருந்த டிஸ்க்கைப் பொலிஸ்காரன் வெளியே எடுத்து, மே மொக்கத, இது என்ன என்று கேட்டான். ஃபொட்டோ மஹத்தயா, வெடிங் ஃபொட்டோ என்று அவள் வாய் தானாகச் சிங்களத்தில் சொன்னது. அந்த இரும்புத் துண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, அவளையும் பார்த்துவிட்டு, திருப்பிக் கொடுத்தான். அவள் பஸ்ஸில் ஏறி, அதை மறுபடி துணியில் சுற்றிச் சோற்றுப் பொட்டலத்துக்கு அடியில் வைத்தாள்.

காமில் டிஸ்க்கை வாங்கிக்கொண்டார். ஒரு கிழமையாவது எடுக்கும், வரும் என்றும் சொல்ல ஏலாது, வராது என்றும் சொல்ல ஏலாது என்றார். கோட்டில் வக்கீல் அவள் வெறுங்கையைப் பார்த்தார். இன்னொரு தவணை கேட்டார். கொடுத்தார்கள். எல்லாம் ஒரு வெற்றிலை போடுகிற நேரத்துக்குள் முடிந்துவிட்டது. பவுலைக் கொண்டுபோய் வண்டியில் ஏற்றுமுன், கம்பி அடித்த அறையின் பக்கம் அவளைக் கொஞ்சம் நிற்க விட்டார்கள்.

பவுல் மெலிந்திருந்தான். ஒரு பக்கக் கன்னம் வீங்கியிருந்தது. அதைப் பார்க்காதது போல அவள் அம்மாவைப் பற்றிப் பேசினாள். அவன் அம்மாவைப் பற்றிக் கேட்கவில்லை.

"படம் கெடச்சிருச்சாக்கா?"

ஹில்டா தலையை ஆட்டினாள். எந்தப் பக்கம் ஆட்டினாள் என்று அவளுக்கே தெரியாது. அவன் அதை ஆமாம் என்று எடுத்துக்கொண்டான். அவன் முகம் மலர்ந்த மலர்ச்சியைப் பார்த்த பிறகு அவளால் அதைத் திருத்த முடியவில்லை. பிறகு அவன் முகம் ஒரு மாதிரியாகச் சுருங்கியது. இத்தனை நாளாக உள்ளே கிடந்து அதையே நினைத்திருப்பான் போல, கம்பிக்குப் பக்கத்தில் வந்து மெதுவாகக் கேட்டான்.

"சசி பிளாஷ் அடிக்கிறப்ப எல்லாம் நான் கண்ண மூடிட்டேன்க்கா. எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு. எல்லாப் படத்துலயும் அப்படித்தான் விழுந்திருக்கும். கண்ண மூடியிருந்தா நான்தான்னு ஒத்துக்குவாங்களா?"

"ஒத்துக்குவாங்க," என்றாள் ஹில்டா.

"நீங்க பாத்தீங்களா? மூஞ்சி நல்லா தெரியுதா?"

"நல்லா தெரியுது," என்றாள். "நல்லாவே தெரியுது பவுல்."